ஐயாவைவிட ஒன்று குறைச்சல்

நிலம் போனவனுக்கு வேலை உண்டு என்றார்கள். ராயப்பனுக்கு நிலம் போகவில்லை. போவதற்கு இருந்தால்தானே.

நெய்வேலியில் சுரங்கத்துக்கு இடம் எடுத்தபோது அவன் ஊர் முழுவதுமாகப் போனது. குடிசை போனது, குடிசைக்குப் பின்னால் நின்ற முருங்கை போனது. ஆனால் பட்டா என்று ஒரு துண்டுக் காகிதம் அவன் கையில் இல்லை. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டு, அடுத்தவன் களத்தில் கதிர் அடித்த குடும்பம். நிலத்துக்காரர் பிள்ளைகள் இரண்டு பேரும் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்கள். அதே நிலத்தில் முதுகு ஒடிந்த ராயப்பன் காண்ட்ராக்ட் கூலியாகச் செங்கல் சுமந்தான்.

ஒருமுறை ஆபீஸ் ஜன்னலில் போய்க் கேட்டான்.

"ஒனக்கு என்னாப்பா போச்சு?" என்றான் உள்ளே இருந்தவன்.

"ஊரு போச்சுங்க."

"ஊரு எல்லாருக்குந்தான் போச்சு. ஒனக்குன்னு என்னா போச்சு?"

ராயப்பன் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டான்.

பர்மனென்ட் என்கிற வார்த்தை அந்தக் காலத்தில் நெய்வேலியில் சாமி பெயர் மாதிரி. பர்மனென்ட் ஆனவனுக்கு குவார்ட்டர்ஸ், குழாயில் தண்ணீர், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி. ஆகாதவனுக்குக் காண்ட்ராக்டர் கூப்பிட்டால் சோறு, கூப்பிடாவிட்டால் கஞ்சி. ராயப்பனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மனைவி மாணிக்கம்மாள் டவுன்ஷிப்பில் சாலை போடுகிற இடத்தில் ஜல்லி தட்டினாள். அவளுக்கும் ராப்பகலாக அதே நினைப்புதான். எப்படியாவது பர்மனென்ட்.

அறுபத்தொன்றில், மண் வெட்டும் பெரிய சக்கர மிஷின்களைப் பொருத்த வந்த ஜெர்மன்காரர் ஒருவர் பங்களாவில் குழி வெட்ட ஆள் கேட்டார். ஹார்ட்மன் துரை என்று பெயர். காண்ட்ராக்டர் ராயப்பனை அனுப்பினார். தோட்டத்தில் ஏதோ குப்பைக்குழி போலிருக்கிறது என்று மண்வெட்டியோடு போனவனைத் துரை வீட்டுக்குள்ளே அழைத்துப் போனார். சாமான் போடும் அறையின் நடுவில் சுண்ணாம்பால் கோடு கிழித்துக் காட்டினார். ஆள் இறங்கி நின்றால் தலை தெரியக் கூடாது, அவ்வளவு ஆழம்.

"பொணம் கிணம் பொதைக்கப் போறாரா?" என்று சமையற்காரரிடம் கேட்டான்.

"பீர் பாட்டில் பொதைக்கப் போறாரு."

கேட்ட ராயப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் ஊரிலும் சாராயப் பானையைப் புதைப்பார்கள். போலீசுக்குப் பயந்து. இந்தத் துரைக்குக் குடிக்க சர்க்கார் பர்மிட்டே கொடுத்திருக்கிறது. இவர் எதற்குப் புதைக்க வேண்டும்?

விஷயம் போகப் போகத்தான் புரிந்தது. துரையின் ஊரில் அவர் அப்பா வீட்டுக்கு அடியில் கல் அறை கட்டி, கறுப்பான கெட்டி பீரை வருஷக்கணக்கில் படுக்கப் போட்டு வைப்பாராம். வருஷம் ஏற ஏற ருசி மாறுமாம். அதை மாசம் ஒரு பாட்டில் திறந்து, எந்த வயசில் எது நல்ல பதம் என்று பார்ப்பதுதான் அவர் குடும்பத்து வழக்கம். நெய்வேலி வெயிலிலும் அதைச் செய்து காட்டுகிறேன் என்று துரை ஊரிலிருக்கும் அண்ணனிடம் பந்தயம் கட்டாத குறையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கப்பலில் மெட்ராசுக்கு வந்து, வைக்கோல் சுற்றி லாரியில் வந்து இறங்கின பெட்டிகள். குழிக்குச் செங்கல் கட்டி, சேத்தியாத்தோப்பிலிருந்து வெள்ளாற்று மணல் கொண்டுவந்து கொட்டி, பாட்டில்களை மணலில் அடுக்கினார்கள். காலையும் மாலையும் மணல் நனைய ஊற்ற வேண்டும், மேலே ஈரச்சாக்கு மூட வேண்டும். அதற்கென்றே ராயப்பனைத் துரை வீட்டோடு வைத்துக்கொண்டார். துரை கையால் சம்பளம். அது பர்மனென்ட் கணக்கில் சேராது.

ருசி பார்க்கிற நாள் மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அதற்குத் துரையோடு இன்னொருவர் வருவார். கருணாகரன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், ஆள் எடுக்கிற பிரிவில் அதிகாரி. மதுவிலக்கு நாளில் பர்மிட் வாங்க வேண்டுமானால், குடிக்காவிட்டால் உடம்பு கெட்டுவிடும் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். தன்னைக் குடிகாரன் என்று எழுதி வாங்கிக்கொள்ள எந்த அதிகாரிக்கு மனசு வரும்? அதனால் கருணாகரன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் துரை வீட்டில் உட்கார்ந்து குடித்தார். குடிப்பது என்று சொல்ல மாட்டார். "டெஸ்ட் பண்றோம்" என்பார்.

துரைக்கு இரண்டு நாக்கு போதவில்லை. இரண்டு பேர் ஒத்துப்போகாவிட்டால் தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் வேண்டும். பாட்டிலை எடுத்துவந்த ராயப்பனைப் பார்த்து, "நீ உட்கார்" என்று கை காட்டினார். ராயப்பன் கருணாகரனைப் பார்த்தான். கருணாகரன் முகம் சுருங்கியது. ஆனால் குடி துரை வீட்டுக் குடி. "உக்காரச் சொல்றாரில்ல. கீழ உக்காரு" என்றார். ராயப்பன் தரையில் உட்கார்ந்தான்.

பாட்டிலில் எது பழசு, எது புதுசு என்று தெரியாதபடி துணி சுற்றியிருக்கும். கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்க வேண்டும். நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மோந்து பார்த்து, ஒரு மிடறு வாயில் வைத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் உருட்டி விழுங்க வேண்டும். பிறகு பத்துக்கு எத்தனை என்று ஆளாளுக்கு மார்க். ராயப்பனுக்கு எழுதத் தெரியாது என்றதும் துரை யோசித்தார். ராயப்பன் சமையலறைக்குப் போய் ஒரு கை புளியங்கொட்டை அள்ளிவந்தான். ஆளுக்கு ஒரு பித்தளை டம்ளர். எத்தனை மார்க்கோ அத்தனை கொட்டையை மறைவாகப் போட்டு, கடைசியில் மூன்றையும் கவிழ்த்து எண்ணிப் பார்ப்பது. துரைக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது.

முதல் தடவை ராயப்பன் மனசுக்குப் பட்டதைப் போட்டான். சரக்கு நன்றாகத்தான் இருந்தது. கருகின வெல்லமும் வறுத்த கம்பும் கலந்த மாதிரி ஒரு மணம். ஒன்பது போட்டான். கருணாகரன் போட்டது ஆறு. டம்ளரைக் கவிழ்த்ததும் அவர் ராயப்பனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவனுக்குக் குடித்தது அத்தனையும் இறங்கிப்போயிற்று.

வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னார். "என்னப்பா ராயப்பா, என்னைவிட உனக்கு நாக்கு நீளமா?"

"ஐயோ, இல்லீங்க ஐயா. தெரியாம போட்டுட்டங்க."

"பாத்து இரு. பர்மனென்ட் கேட்டுக்கிட்டு இருக்கியாமே. சமையக்காரரு சொன்னாரு. அடுத்த செலக்‌ஷன்ல பாக்கலாம்."

அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சில் ராயப்பனின் நாக்கு செத்தது. அடுத்த மாசத்திலிருந்து அவன் சரக்கை ருசி பார்க்கவில்லை, கருணாகரனின் டம்ளரைக் காது கொடுத்துக் கேட்டான். அவர் கொட்டைகளை ஒவ்வொன்றாகத்தான் போடுவார். பித்தளையில் டக்கென்று விழும். ராயப்பன் எண்ணிக்கொண்டே இருந்து, அவர் முடித்தபின் தன் டம்ளரில் போடுவான். சரிசமமாகவும் போட மாட்டான். அது மரியாதை இல்லை. ஐயாவைவிட ஒன்று குறைச்சல். அவர் எட்டு என்றால் இவன் ஏழு. அவர் ஒன்பது என்றால் இவன் எட்டு. நிலத்துக்காரர் எதிரே நிற்கும்போது துண்டைக் கக்கத்தில் இடுக்கிப் பழகின உடம்பு. அதற்கு இந்தக் கணக்கு தானாகவே வந்தது.

துரைக்கு ஒரே ஆச்சரியம். இரண்டு நாக்கும் மாசாமாசம் ஒரே வரிசையில் போகிறதே என்று கருணாகரனின் கையைக் குலுக்கினார். கருணாகரனுக்கும் குளிர்ந்துபோயிற்று. "நம்ம ராயப்பன்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

ருசி பார்க்கிற நாட்களில் ராயப்பன் வாடை போகக் கொய்யா இலையை மென்று துப்பிவிட்டு, குவார்ட்டர்ஸ் பிளாக்குக்குப் பின்பக்கமாகக் கூலிச்சேரிக்கு நடப்பான். கூடச் செங்கல் சுமந்த நல்லசாமி வழியில் மடக்குவான்.

"என்னா தொரைவூட்டு மாப்ள, வாயத் தொற பாக்கலாம். நாங்க மோந்தாவது பாக்குறோம்."

"போடா, வேலையப் பாத்துகினு."

"ஏட்டையா புடிச்சா ஊதச் சொல்லுவாரு. அப்ப அவருக்கும் ஒரு மடக்கு குடு."

மற்றப் பெண்களாக இருந்தால் புருஷன் குடித்து வந்ததற்கு விளக்குமாற்றை எடுத்திருப்பார்கள். மாணிக்கம்மாள் எடுக்கவில்லை. "ஐயா இன்னிக்கி என்னா சொன்னாரு?" என்றுதான் கேட்பாள்.

"பாக்கலான்னாரு."

"போன மாசமும் அதத்தான சொன்னாரு?"

"இன்னிக்கி சிரிச்சிகினே சொன்னாரு."

இரண்டாவது கோடையில்தான் கெட்ட காலம் தொடங்கியது. நிலக்கரித் தூள் துரையின் மூக்கில் ஏறி அடைத்துக்கொண்டது. ஓயாத சளி. மல்லிகையைக் கையில் கொடுத்தாலும் வாசனை தெரியவில்லை என்றார். மூக்கு போனபின் நாக்கும் பாதி போய்விட்டது. இனி உங்கள் இரண்டு பேர் நாக்கைத்தான் நம்பியிருக்கிறேன் என்று கருணாகரனிடம் சொன்னார். கருணாகரன் அதை ராயப்பனுக்குத் தமிழில் சொன்னார்.

அதே கோடையில் மணலுக்குத் தண்ணீர் ஊற்றும்போது ராயப்பன் ஒன்றைப் பார்த்தான். பாட்டில் வாய்க்கு வெள்ளைப் பீங்கான் மூடி. அதன் அடியில் சிவப்பு ரப்பர் வளையம். கம்பியை இழுத்து மாட்டினால் ரப்பர் அழுந்தி அடைத்துக்கொள்ளும். அந்த ரப்பர் பொரிந்து வெடித்திருந்தது. நகத்தால் தொட்டால் உதிர்ந்தது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஊர் ஊர்தானே. சித்திரை வெயில் செங்கல்லுக்குள்ளும் இறங்கும். அந்த மாசம் திறந்த பாட்டிலை வாயில் வைத்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. புளிப்பு. பனங்கள் மறுநாள் மத்தியானம் வரைக்கும் கிடந்தால் வருமே, அந்தப் புளிப்பு.

கருணாகரனைப் பார்த்தான். அவர் கண்ணை மூடி, தலையை ஆட்டி விழுங்கினார். பீர் என்றால் புளிக்கும் என்றே நினைத்தாரோ, துரை மனம் கோணக் கூடாது என்று நினைத்தாரோ. டக் டக்கென்று எட்டுக் கொட்டை விழுந்தது. ராயப்பன் ஏழு போட்டான்.

அடுத்த மாசம் இன்னும் புளிப்பு. கருணாகரன் ஒன்பது போட்டார். வயசு ஏற ஏற ருசி கூடும் என்று துரை சொல்லியிருந்தார் அல்லவா, அவரும் கூட்டிக்கொண்டே போனார்.

ஒரு நாள் காலையில் ராயப்பன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது துரை சமையலறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். தனக்குத் தெரிந்த தமிழைக் கூட்டிக் கூட்டிப் பேசினார்.

"ராயப்பன். கருணாகரன் இல்லே. நான், நீ. உண்மை சொல்லு. பீர் நல்லா?"

ராயப்பனின் கை நின்றது. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ரப்பர் போயிடுச்சு தொரை, புது ரப்பர் போட்டா மிச்ச பாட்டிலாவது தேறும். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் சொன்னால்? எட்டும் ஒன்பதும் போட்ட ஐயாவின் முகத்தில் கரி. பீர் கெட்டுப்போனால் ஞாயிற்றுக்கிழமை நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை நின்றால் ஐயா இந்த வீட்டுப் படி ஏற மாட்டார். ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தால் அவர் தலைகூடத் தெரியாது. இந்த ஒரு அறையில்தான் அவரும் இவனும் ஒன்றாக உட்காருகிறார்கள். அது போய்விட்டால் பர்மனென்ட் போயிற்று.

"நல்லா தொரை" என்றான். "ரொம்ப நல்லா."

துரை அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அறுபத்து நாலில் துரையின் வேலை முடிந்தது. ஊருக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து வைத்தார். மற்ற ஜெர்மன்காரர்கள் வந்தார்கள், மெட்ராசிலிருந்து ஒருவர் வந்தார். கருணாகரன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று வருஷம் கிடந்த பாட்டில்களைத் துரை தன் கையாலேயே குழியிலிருந்து எடுத்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிவந்தார். மணலில் வளர்த்த கதையைச் சொன்னார். மாசாமாசம் வாங்கின மார்க்கைச் சொன்னார். கோப்பைகளில் ஊற்றினார். நுரையே எழும்பவில்லை.

முதலில் குடித்தவர் தலையைத் திருப்பிப் பூந்தொட்டியில் துப்பினார். இரண்டாமவர் விழுங்கிவிட்டு இருமினார். மெட்ராஸ்காரர் சிரித்துவிட்டார். சாலட்டில் ஊற்றலாம் என்று ஏதோ சொன்னார் போலிருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. கையில் கோப்பையோடு கருணாகரனைப் பார்த்தார்.

கருணாகரன் எழுந்து வேகவேகமாக இங்கிலீஷில் பேசினார். சர்வன்ட், வாட்டர், லேசி. மூன்று வார்த்தை ராயப்பனுக்குப் புரிந்தது. மணலுக்கு ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றவில்லை என்று தன் தலையில் வைக்கிறார் என்பதும் புரிந்தது.

துரை குழிக்குள் இறங்கினார். மணலைத் தொட்டுப் பார்த்தார். சொட்டச் சொட்ட ஈரம். ஒரு பாட்டிலின் மூடியைத் திறந்து ரப்பரை உருவினார். அது அவர் விரலில் தூள்தூளாக உதிர்ந்தது. மேலே ஏறிவந்து அந்தச் சிவப்புத் தூளை ராயப்பன் முன்னால் நீட்டினார்.

"நீ தெரியும்?"

ராயப்பன் தலையைக் குனிந்தான். "தெரியும் தொரை."

"ஏன்?"

கருணாகரன் இரண்டடி தள்ளி நின்றார். ராயப்பனின் கண் அந்தப் பக்கம் போய்விட்டுத் தரைக்குத் திரும்பியது. துரை கையைத் தட்டி உதறிவிட்டு உள்ளே போனார். ஊருக்குப் போகிற வரைக்கும் ராயப்பனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வேலைக்காக மேலதிகாரியிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவதாக முன்பே ஒத்துக்கொண்டிருந்தார். அதையும் சொல்லவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. நம்பிக் கேட்டவரிடம் பொய் சொன்னவனுக்கு எந்த வாயால் சிபாரிசு செய்வார்?

அந்த ஆடியில் செலக்‌ஷன் வந்தது. நிலம் இல்லாதவர்களிலும் சிலரை எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மாணிக்கம்மாள் வேட்டியைத் துவைத்து நீலம் போட்டுக் கொடுத்தாள். தகரக் கொட்டகையில் மேஜை போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கருணாகரன். ஒரு பக்கம் மைன்ஸ் இன்ஜினியர். இன்னொரு பக்கம் டாக்டர். மூட்டை தூக்கச் சொன்னார்கள். தூக்கினான். மார்பைத் தட்டிப் பார்த்தார்கள். கண் இமையை இழுத்துப் பார்த்தார்கள். இன்ஜினியர், "நல்ல ஒடம்பு" என்றார்.

டாக்டர் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ராயப்பனிடமும் கேட்டார்.

"குடிப்பழக்கம் உண்டா?"

அதற்கு ஒரே பதில்தான். முன்னால் போனவர்கள் அத்தனை பேரும், வெறி தெளியாமல் வந்தவன் உட்பட, அதைத்தான் சொன்னார்கள். ராயப்பனும் கருணாகரனை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான்.

"இல்லீங்க."

கருணாகரன் பேனாவை மூடி வைத்தார். "இவனா? இவன் அந்த ஜெர்மன்காரர் பங்களாவுல இருந்தவன் டாக்டர். மாசாமாசம் அங்க இருந்த சரக்கையெல்லாம் ருசி பாத்தவனே இவன்தான்."

இன்ஜினியர் சிரித்தார். டாக்டர் ராயப்பனை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியாப்பா? இவர் சொல்றது நெசமா?"

வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். ஐயாவும்தான் பக்கத்துல குந்தினு குடிச்சாரு, தொரை நாற்காலியில உக்கார வெச்சாரு, கேட்டுப் பாருங்க. துரை கப்பல் ஏறிவிட்டார், சரி. சமையற்காரர் இருக்கிறாரே. ராயப்பனுக்கு இதெல்லாம் அப்போதே தோன்றியது. கருணாகரனின் முகத்தில் ஒரு கணம் ரத்தம் வற்றியது.

ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் ராயப்பனின் துண்டு தோளிலிருந்து இறங்கிவிட்டது. இடுப்பு தானாக வளைந்தது.

"ஐயா சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றான்.

"அடுத்த ஆள்" என்றார் கருணாகரன்.

மாணிக்கம்மாள் அன்று ஜல்லி தட்டப் போகவில்லை. தெருக்குழாயடியில் குடத்தோடு காத்திருந்தாள். அவன் நடந்துவருவதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள். அவன் நடந்ததைச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் அழவில்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை நகர்த்தவும் இல்லை.

"அது என்னாதான்யா அது? மூணு வருசமா மோந்து மோந்து குடிச்சியே. எப்பிடி இருந்திச்சி?"

"புளிச்சிப் போச்சு. ரெண்டாவது கோடையிலியே புளிச்சிப் போச்சு."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு என்னா கேடு?"

"சொன்னா ஐயா அந்த வூட்டுக்கு வரமாட்டாருன்னு பாத்தன்."

"வந்தாரே. வந்து என்னாத்தக் குடுத்தாரு?"

பின்னால் நின்றவள் குடத்தை எடுக்கச் சொல்லிக் கத்தினாள். மாணிக்கம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான்கடி போய்த் திரும்பினாள்.

"குடிகாரன்னு பேராச்சு. வெறியாச்சும் ஏறிச்சா?"

"இல்ல" என்றான். "எண்ணிகினு இருந்தன்."

அவளுக்கு அது விளங்கவில்லை. மறுநாள் விடியற்காலை காண்ட்ராக்டர் லாரி வந்தது. நல்லசாமி கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.